கால்வாசி மேடம்

முக்கால் டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளை நான் அவளுக்கு முன்னால் பார்த்ததில்லை. அவளுக்குப் பிறகும் பார்க்கவில்லை. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இதனாலேயே அவள் வந்த புதிதில் ஒரு தகராறு நடந்தது. மாஸ்டர் தன் வழக்கப்படி விளிம்பு வரை ஊற்றி, அதற்கு மேல் நுரையையும் கட்டிக் கொடுத்தார். அவள் வாங்கிய கையோடு கால் டம்ளரை மண்ணில் சாய்த்துவிட்டு மீதியைக் குடித்தாள். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இன்னாம்மா, நம்ம டீயில இன்னா கொறைய கண்ட?”

“டீ நல்லாருக்குண்ணா. டம்ளர்லதான் இடமே இல்ல.”

“டம்ளர்ல எதுக்கும்மா இடம்?”

“தூக்கறப்ப தளும்பாம இருக்கத்தான்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அன்று முதல் அவளுக்கு முக்கால் டம்ளர்தான். கடையில் அவளுக்கு ‘கால்வாசி மேடம்’ என்று பெயரும் விழுந்தது. அந்தப் பெயர் ரோட்டைத் தாண்டி எங்கள் ஆபீசுக்குள் வர ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவளுடைய நிஜப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இப்போது ஹைதராபாத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். எழுதினால் ஃபோன் போட்டு, “என் பேருக்கு எதுக்குண்ணா இத்தினி இடம் அடைக்கறீங்க?” என்று கேட்பாள்.

எங்கள் ஆபீஸின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் உள்ள லாட்ஜுகளுக்கும் மண்டபங்களுக்கும் ரூம் புக் பண்ணுகிற சாஃப்ட்வேர் எங்களுடையது. யார் எந்த ரூமை எந்த நாளைக்குப் பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். டேட்டாபேஸ் இருந்தது ஒரு சர்வரில். சர்வர் இருந்தது எங்கள் ஆபீஸின் பின்ரூமில், ஏசிக்குக் கீழே. உலகமே இதையெல்லாம் எங்கோ வாடகைக்கு எடுத்து வைத்துக்கொள்கிற காலத்தில் எங்கள் முதலாளி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் பார்க்கவும் கையால் தொட்டு விபூதி பூசவும் முடியாத பெட்டியை எப்படி நம்புவது என்பது அவர் கட்சி. ஆக, பெட்டிக்கு விபூதி பூசுவது முதலாளி. பெட்டியைக் கட்டி மேய்ப்பது அவள். லாட்ஜ்காரர்களும் பக்தர்களும் ஃபோனில் திட்டினால் வாங்கிக்கொள்வது நான்.

நான் எதையும் நிரப்பாமல் விடாத ஜாதி. என் செல்ஃபோன் இடமில்லை இடமில்லை என்று அழாத நாள் கிடையாது. என் பைக்கில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரு கேஸ் சிலிண்டரும் போயிருக்கிறோம். எனக்குப் பக்கத்து மேஜையில் கடவுள் இவளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் பாருங்கள். அவள் டிஃபன் பாக்ஸில் குழம்பு மூடியைத் தொடக்கூடாது. ஹேண்ட்பேக் ஜிப் இழுக்காமலே மூட வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நெரிசலான பஸ் வந்தால் ஏறவே மாட்டாள். அதற்காகவே கோழி கூவுகிற நேரத்துக்குக் கிளம்பி, காலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்து, ஆபீஸைத் திறப்பதும் அவள்தான்.

“அண்ணா, ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா?” என்றாள் ஒரு நாள். “நிக்கக்கூட முடியாத பஸ்ல மட்டும்தான் கண்டக்டரு ‘உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குது’னு கத்தறாரு. நெஜமா இடம் இருக்கற பஸ்ல யாரும் கத்தறதே இல்ல.”

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவள் சிரிப்பு பெரிய சிரிப்பு. முதலில் தோள் குலுங்கும், பிறகு நாற்காலி குலுங்கும், கடைசியில்தான் சத்தம் வரும். ஆபீஸில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் அவளைச் சிரிக்க வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வோம். கொஞ்ச நேரத்தில் நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

இவ்வளவு காலி இடம் கேட்கிறவள் ஒரே ஒரு விஷயத்தில் தலைகீழ். சர்வருக்குப் புதிதாக மெமரி வாங்கிப் போட்ட மறுநாள் முதலாளி பின்ரூமுக்குப் போய் ஸ்கிரீனைப் பார்த்தார். புது மெமரியும் ஏறக்குறைய முழுக்க நிரம்பியிருந்தது. ஆள் அங்கேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

“இன்னாம்மா இது! நேத்துதான வாங்கிப் போட்டேன். அதுக்குள்ள மொத்தத்தையும் தின்னுடுச்சா?”

“காலியா இருந்தாதான் சார் நீங்க என்னைத் திட்டணும்.”

“ஊருக்கெல்லாம் இடம் விடு இடம் விடுனு நீதானம்மா சொல்ற?”

“அது டிஸ்க்குக்கு சார். டிஸ்க்குன்றது நம்ம வீட்டு பரண். எல்லாத்தையும் அங்கதான் பத்திரமா எடுத்து வெக்கறோம். அதை ரொப்பிட்டீங்கன்னா ஒரு நாள் தலைமேல விழும். மெமரின்றது அடுப்பு மேடை. அடிக்கடி வேணும்கறத கைக்கு எட்டற மாதிரி மேடையில எடுத்து வெச்சிக்கிட்டாதான் சமையல் வேகமா நடக்கும். சமையல் நேரத்துல மேடை காலியா இருக்குதுன்னா இன்னா அர்த்தம்? அந்த வீட்ல இன்னிக்கு சோறு இல்லனு அர்த்தம்.”

முதலாளி இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி, “அந்தப் பொண்ணு கரெக்டா சொல்லியிருக்கா” என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரை ஏணியில் ஏற்றிப் பரணைக் காலி பண்ண வைத்துவிட்டார். திங்கட்கிழமை முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் நாற்காலி குலுங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவள் தலையும் அந்த மெமரி மாதிரியேதான். எதையும் கீழே இறக்கி வைக்க மாட்டாள். என் மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். போன பொங்கலுக்கு யார் எந்தக் கலர் சட்டை போட்டு வந்தார்கள், எந்த லாட்ஜ் மேனேஜர் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டான், எல்லாம் கேட்ட மாத்திரத்தில் வரும். “இதையெல்லாம் எதுக்கும்மா தூக்கிச் சுமக்கற?” என்று கேட்டால், “நானா சுமக்கறேன்? அதுவா உக்காந்துக்குது” என்பாள்.

இனி அந்தப் பூசணிக்காய்க்கு வருகிறேன். அவளைப் பற்றிப் பேசினால் அதைச் சொல்லாமல் எழுந்துபோக ஆபீஸில் யாரும் என்னை விட மாட்டார்கள்.

டிஸ்க் ஒரேயடியாக நிரம்பிவிட்டால் டேட்டாபேஸால் புதிதாக ஒரு எழுத்துகூட எழுத முடியாது. அப்படியே நின்றுவிடும். சரி பண்ணலாம் என்று உள்ளே போனால் நமக்கும் கை வைக்க இடம் இருக்காது. அதனால் அவள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். சர்வர் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லாத ஒரு ஃபைல், ஆனால் பார்க்கப் பிரம்மாண்டமான ஃபைல். உள்ளே வெறும் பூஜ்யங்கள். இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அதன் வேலை. என்றைக்காவது டிஸ்க் மூச்சு முட்டினால் அந்த ஃபைலை ஒரே தட்டில் அழித்துவிடலாம். உடனே இடம் கிடைக்கும், டேட்டாபேஸ் மூச்சு விடும், நிதானமாக உட்கார்ந்து மற்றதைச் சரி பண்ணலாம். திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டு, வேளை வரும்போது உடைக்கிற சமாச்சாரம்தானே? அதனால் அந்த ஃபைலுக்குப் பூசணிக்காய் என்று பெயர் வைத்தாள். தான் இல்லாத நாளில் யாராவது தவிக்கக்கூடாது என்று, சர்வருக்கு மேலே சுவரில் ஒரு தாளும் ஒட்டினாள். ‘மூச்சு முட்டினால் பூசணிக்காயை உடைக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே அதற்கு என்ன டைப் பண்ண வேண்டும் என்பதையும் எழுதியிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. அக்காவுக்கு வளைகாப்பு என்று அவள் லீவில் போயிருந்தாள். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு மாலை, பக்கத்தில் பொரிகடலை. முதலாளி கற்பூரம் காட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தார். தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார். முகத்தில் ஒரு பரவசம் வந்தது.

“பாத்தீங்களா அந்தப் பொண்ண! லீவு போட்டாலும் பூஜைக்கு எல்லாத்தையும் ரெடி பண்ணி வெச்சிட்டுதான் போயிருக்கா. உள்ளயே பூசணிக்கா வெச்சிருக்கா!”

“சார், அதுல மூச்சு முட்டினால்னு போட்டிருக்குதே” என்றேன்.

“இந்தக் கற்பூரப் பொகைக்கு மூச்சு முட்டாம இன்னா பண்ணும்?” என்றார் இருமியபடி.

அதற்கு மேல் யார் பேசுவது? ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி டைப் பண்ணினார். நாங்கள் எல்லோரும் பயபக்தியோடு சுற்றி நின்றோம். அவர் கடைசியாக எண்டர் தட்டியபோது யாரோ மணிகூட அடித்தார்கள். “தெருவுல உடைச்சா பைக்ல வர்றவன் வழுக்கி விழறான். இது எத்தினி சுத்தமா போச்சு பாருங்க” என்று முதலாளி எல்லோருக்கும் பொரி வழங்கினார்.

அவள் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் ஹேண்ட்பேக்கைக் கீழே வைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. நாற்காலி குலுங்கியது. அன்று அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துத் துப்பட்டாவே நனைந்துவிட்டது. “பரவால்ல, வேற பூசணிக்கா வெச்சிக்கலாம்” என்று பின்ரூமுக்குப் போனவள், சிரிப்பில்லாமல் வெளியே வந்தாள்.

“அண்ணா, பூசணிக்கா இருந்த இடத்துல யாரோ குடி வந்துட்டாங்க.”

முதலாளியின் மகள் கல்யாணம் ஆவணியில் நடந்திருந்தது. வீடியோக்காரர் எடுத்ததையெல்லாம் வெட்டாமல் கொத்தாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்து, அடுத்த கல்யாணத்துக்கு வேண்டும் என்று டிஸ்க்கைத் திரும்பவும் வாங்கிப் போயிருந்தார். பூஜையன்று சர்வரில் திடீரென்று இத்தனை இடம் சும்மா கிடக்கிறதே என்று பார்த்த முதலாளி, மொத்தக் கல்யாணத்தையும் அதில் இறக்கிவிட்டார். வேறு எங்கும் காப்பி கிடையாது. ரூம் புக்கிங்கோடு ஒரே டிஸ்க்கில் மகளின் மாப்பிள்ளை அழைப்பும், ரிசப்ஷனும், முகூர்த்தமும், பந்தியும் படுத்திருந்தன.

“சார், தீபத்துக்கு முன்னாடி இதை எடுத்துடணும். அன்னிக்குக் கூட்டம் தாங்காது” என்று தினமும் காலையில் அவரைப் பார்த்துச் சொல்வாள்.

“வாங்கிடலாம்மா. நல்லதா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாத்திடலாம்” என்று அவரும் தினமும் சொல்வார்.

ஐப்பசியில் முதலாளியின் அப்பா இறந்துபோனார். நல்ல வயசுதான். ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை. ஆபீஸ் பக்கம் அவர் வந்ததே குறைவு. வந்தாலும் வாசலில் நின்று மகன் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “வேலையா இருக்கறானா? இருக்கட்டும், இருக்கட்டும்” என்று போய்விடுவார். காரியம் முடிந்து முதலாளி வந்து உட்கார்ந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அதற்குப் பிறகு அவள் ஹார்ட் டிஸ்க் பேச்சை எடுக்கவே இல்லை. நான் ஞாபகப்படுத்தியபோது, “இப்ப போய் அவர்கிட்ட எப்படிண்ணா கேக்கறது?” என்றாள். அதற்குப் பதிலாக எங்களைப் பிடித்துக்கொண்டாள். பழைய பேக்கப்பையெல்லாம் எங்கள் லாப்டாப்புகளுக்கு நகர்த்தினாள். நான் சர்வரில் ஒளித்து வைத்திருந்த பாட்டுகளைக் கண்டுபிடித்து, அவற்றை என் கையாலேயே அழிக்க வைத்தாள்.

தீபத்தன்று ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியாக ஒரு மழையும் வந்து போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கை கழுவப் போனபோது என் ஃபோன் அடித்தது. எடுத்து வைப்பதற்குள் இன்னொன்று. அப்புறம் ஆபீஸில் இருந்த எல்லா ஃபோன்களும் சேர்ந்து அடித்தன.

“சார், ரூம் குடுத்தோம்னு தட்டினா ஏற மாட்டேங்குது!” என்று லாட்ஜ்காரர்கள் கத்தினார்கள். “யார் புக் பண்ணாங்க, யார் வந்துட்டாங்கனு ஒண்ணுமே தெரியல. வாசல்ல கூட்டம் நிக்குது. மொதல்ல வந்தவங்களுக்கு சாவிய குடுத்துடறோம், எங்கள கேக்காதீங்க.”

நடுவில் விழுப்புரத்துப் பெண்மணி ஒருவர் விடாமல் கூப்பிட்டார். “தம்பி, நாங்க ஆவணியிலயே புக் பண்ணோம்பா. எம்பொண்ணு நெறமாசம், நிக்க முடியல. எங்க ரூம வேற யாருக்கோ குடுக்கப் போறாங்க. ஏதாவது பண்ணுப்பா.” அவருக்குப் பின்னால் மழைத்தண்ணீரில் கால்கள் சளசளக்கிற சத்தம் கேட்டது. அவர் ஒருவர் மட்டுமா? ஊர் பூராவும் அப்படி எத்தனை குடும்பங்கள்! இன்னும் கொஞ்ச நேரம் போனால் புக் பண்ணியவர்கள் எல்லாம் தெருவில்தான்.

அவள் பின்ரூமில் இருந்தாள். நானும் முதலாளியும் ஓடினோம்.

“டிஸ்க் ரொம்பிடுச்சி சார்” என்றாள். “எல்லா லாட்ஜும் ஒரே நேரத்துல தட்டறாங்க. எழுத இடமே இல்ல.”

“இந்த லாக்னு போட்டிருக்கறது இத்தினி பெருசா இருக்குதே, அதைத் தூக்கிட்டா?” என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

“அதைத் தொட்டா டேட்டாபேஸ் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. கைய எடுங்கண்ணா!” என்று சீறினாள். அவள் சீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, குரலை இறக்கிச் சொன்னாள். “சார், அழிக்கறதுன்னா கல்யாணத்துலதான் ஏதாவது ஒண்ணை அழிக்கணும். வேற எதுவும் மிச்சம் இல்ல.”

“வெளிய எங்கயாவது காப்பி பண்ணிட்டு...”

“வீடியோக்காரரக் கேட்டேன், அவர்கிட்ட இல்லையாம். நம்ம லாப்டாப் ஒண்ணுத்துலயும் இது கொள்ளாது. கடைக்குப் போய் டிஸ்க் வாங்கி வரவும் வழி இல்ல, காப்பி ஆகற வரைக்கும் ஜனங்க தாங்கவும் மாட்டாங்க.”

முதலாளி தலையில் கை வைத்தார். பிறகு செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

அவர் மனைவி ஸ்பீக்கரில் வந்தார். பெங்களூரிலிருந்து மகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா ஃபோன்களும் அலறிக்கொண்டிருக்க, கல்யாணத்தில் எதை இழப்பது என்று எங்கள் பின்ரூமில் பஞ்சாயத்து தொடங்கியது.

“மாப்பிள்ளை அழைப்ப அழிச்சிடுங்க” என்றாள் மகள். “குதிரை பயந்து ஓடினது அதுலதான் இருக்குது. அவரும் சந்தோஷப்படுவாரு.”

“அது சின்ன ஃபைலும்மா, பத்தாது” என்றாள் இவள்.

“அப்ப ரிசப்ஷன்ல அவரோட பெரியப்பா மைக்க புடிச்சி பேசினாரே, அதை மட்டும் அழிங்க. அதுவே போதும், எத்தினி நேரம் பேசினாரு!”

“ரிசப்ஷன் மொத்தமும் ஒரே ஃபைல்.”

“ஐயோ, அதுலதான் எந்தம்பி பாடினான்!” என்றார் மனைவி.

“அதுக்கும் சேத்துதாம்மா சொல்றேன்” என்றாள் மகள்.

நிலைமையின் நெருக்கடியில் நான் சிரிக்கக்கூடாது. ஆனால் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டேன். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. என் காதில் விழுப்புரத்து அம்மா கெஞ்சிக்கொண்டிருக்கிறார், வாயில் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

“ரிசப்ஷன தொடாதீங்க!” என்றார் முதலாளி. எங்களுக்குக் காரணம் தெரியும். ஊரின் பெரிய புள்ளி ஒருவர் அன்று மேடையேறி இவர் தோளில் கை போட்டுப் பேசியிருந்தார். அந்தத் தோளை இவர் அதற்குப் பிறகு வெகு நாள் சரியாகத் தேய்த்துக் குளித்திருக்க மாட்டார். நாங்கள் அந்தக் கதையைக் கேட்காத வாரம் இல்லை. “முகூர்த்தத்த தொடவே முடியாது. பந்தி இருக்குதில்ல? அதை அழிம்மா. யார் எத்தினி அப்பளம் தின்னான்னு பாத்து நாம இன்னா பண்ணப் போறோம்?”

மனைவி சரி என்றார். மகள் சரி என்றாள். ஃபோனை வைத்துவிட்டார்கள். அவள் ஃபைலின் பெயரை டைப் பண்ணினாள். எண்டர் தட்ட வேண்டியதுதான். விரல் அப்படியே நின்றது.

“தட்டும்மா” என்றார் முதலாளி.

“சார், பந்தியில உங்க அப்பா இருக்காரு.”

முதலாளி அவளைப் பார்த்தார்.

“அவரு கல்யாணத்துல கேமராவ கண்டாலே நகந்து நகந்து போனாரு சார். மேடைக்கும் வரல. கடைசிப் பந்தியில நான் ஓரமா, பக்கத்து எலைய காலியா விட்டுட்டு உக்காந்திருந்தேன். அவரு வந்து, ‘இங்க யாராச்சும் வர்றாங்களாம்மா’னு கேட்டுட்டு உக்காந்தாரு. ரெண்டு தடவ பாயசம் வாங்கினாரு. ‘எம்பையன்கிட்ட சொல்லிடாதம்மா, சக்கரைனு கத்துவான்’னாரு. அப்பதான் வீடியோக்காரர் எங்க எதிர்ல வந்து நின்னாரு. நீங்ககூட அந்த வழியா போனீங்க.”

 முதலாளி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பாவின் ஃபோட்டோ வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணிய ஃபோட்டோ. அதைத் தவிர முதலாளியிடம் அப்பாவின் படம் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கையில் ஃபோன், “தம்பி, தம்பி, கேக்குதா?” என்றது.

“அந்தம்மாவ லைன்லயே இருக்கச் சொல்லுப்பா” என்றார் முதலாளி என்னிடம். பிறகு அவளிடம், “ரிசப்ஷன எடுத்துடும்மா” என்றார்.

“சார்...”

“எடுத்துடு. தோள்ல கை போட்டது எனக்குத் தெரியும். அது போதும்.”

அவள் பந்தியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு ரிசப்ஷனின் பெயரைப் போட்டாள். எண்டர் தட்டினாள். மேளதாளத்தோடும் மச்சான் பாட்டோடும் பெரிய புள்ளியோடும் ரிசப்ஷன் போயே போய்விட்டது. டேட்டாபேஸ் எழுந்து உட்கார்ந்தது. அடித்துக்கொண்டிருந்த ஃபோன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விழுப்புரத்து அம்மா, “சாவி குடுத்துட்டாங்க தம்பி, நீ நல்லாருக்கணும்” என்று சொன்னபோது நான் ஆபீஸுக்குள்ளேயே ஒரு குத்தாட்டம் போட்டேன். எனக்கு வெட்கமே இல்லை. எல்லோரும் போட்டார்கள்.

சாயங்காலம் தீபம் பார்க்க எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊர் மொத்தமும் அரோகரா என்று எழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் பார்த்தால் முதலாளியைக் காணோம், அவளையும் காணோம். கூப்பிடலாம் என்று கீழே இறங்கினேன்.

சர்வரில் வீடியோ ஓட்டக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எனக்கு அதற்காகத் திட்டும் விழுந்திருக்கிறது. அன்றைக்கு அவளே ஓட்டிவிட்டிருந்தாள். முதலாளி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீனில் வாழை இலைக்கு முன்னால் அவர் அப்பா.

“யோவ், என்னை எதுக்குப்பா எடுக்கற? போய் பொண்ணு மாப்பிள்ளைய எடுய்யா” என்று கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார் பெரியவர். அந்த நேரத்தில் பட்டு வேட்டியில் முதலாளி யாரையோ தேடிக்கொண்டு வேகமாகக் குறுக்கே போனார். பெரியவர் தலையை நிமிர்த்தி, “டேய், நீ சாப்ட்டியாடா?” என்றார். “அப்பறம்பா, வேலை இருக்குது” என்று அந்த முதலாளி நிற்காமலே போய்விட்டார். பெரியவர் அவர் போன பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இலைக்குத் திரும்பினார்.

“இல்லப்பா” என்றார் நாற்காலியில் இருந்தவர். “இன்னும் சாப்பிடல.”

மேஜையில் அவர் செல்ஃபோன் அடித்தது. அவர் காதில் விழவில்லை. அவள் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தணிந்த குரலில் பேசினாள்.

“சார் அவங்க அப்பாகூட உக்காந்திருக்காரு. அப்பறமா பண்ணுங்க.”